ஈரலுக்குப் போட்ட சூளை

உங்கள் ஈரலில் ஒரு கட்டி இருக்கிறது, வயிற்றைக் கிழிக்காமல் ஊசி விட்டுச் சுட்டுவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள். தண்ணீர் எதற்கு என்று நடுவில் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே நிறையப் பேசுவது எனக்குப் பழக்கம்.

பெயர் மூர்த்தி. வயது ஐம்பத்தொன்று. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சூளை போடுகிறவன். கொலு பொம்மை, மேசைமேல் வைக்கிற யானை, முதுகில் ஓட்டை உள்ள உண்டியல் பூனை, இவைதான் எங்கள் சரக்கு. அச்சில் வார்ப்பது என் மச்சான் சேகர், மனைவியின் தம்பி. கண் எழுதுவது மனைவி வளர்மதி. சுடுவது நான். யானைக்கு வளர்மதி உயிர் கொடுப்பாள், நான் அதைச் சூளையில் வைத்துக் காதை உடைப்பேன்.

வளர்மதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பொம்மை பச்சை மண். நிழலில் நாள் கணக்காகக் காய வேண்டும். மேலே வெள்ளை வெளேரென்று காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். அந்த ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே ஆவி கிளம்பிப் பொம்மை வெடித்துவிடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற பத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு பொம்மையையும் வளர்மதி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. "ஆவாது" என்று ஓரமாக வைத்துவிடுவாள். சில்லிப்பு இல்லையென்றால் "ஆவும்." கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். பேட்டையில் பல பேர் இதைச் செய்வார்கள். ஆனால் வளர்மதி கன்னம் சொன்னால் அப்பீல் கிடையாது.

சரி, கட்டிக்கு வருகிறேன்.

வேப்பூரில் ஒரு கடைக்காரருக்குச் சரக்கு இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை ஓட்டலில் நாலு புரோட்டா சாப்பிட்டேன். ரெண்டு நாள் வயிறு உப்புசம். எங்கள் தெரு டாக்டர் எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றார். ஸ்கேன் சென்டரில் ஒரு பெண், வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி, கருவியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"பையனாம்மா, பொண்ணாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. கருவியை அதே இடத்தில் மறுபடி வைத்து, "மூச்சை இழுத்துப் புடிங்க சார்" என்றாள். பிடித்தேன். விடச் சொல்லவே இல்லை. உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பார்த்தார். அவரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக நான் சொல்கிற இந்த மாதிரி ஜோக்குக்கு மரியாதைக்காகவாவது யாராவது பல்லைக் காட்டுவார்கள். ரெண்டு பேர் காட்டவில்லையென்றால் விஷயம் பெரிது. எனக்கு நோய் தெரிந்தது அந்த இடத்தில்தான். மற்ற பரிசோதனை எல்லாம் எழுத்தில் உறுதிப்படுத்தியது.

ஈரலின் வலது பக்கம் ஒரு கட்டி. இரண்டு புள்ளி ஏழு சென்டிமீட்டர். எங்கள் உண்டியல் பூனையின் தலை அளவு. ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலை வைரஸில் பி என்று ஒரு வகை இருப்பது தெரிந்தது. பிறந்தபோதோ சின்ன வயதிலோ வந்து, சத்தம் போடாமல் உள்ளே குடித்தனம் நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தழும்பாக்கி, கடைசியில் கட்டியையும் வரவழைக்கும் என்றார்கள். வளர்மதிக்கும் சேகருக்கும் சோதித்தார்கள். இல்லை. தடுப்பூசி போட்டார்கள். அன்றைக்கு ஒரு நாள்தான் நான் சாமிக்கு நன்றி சொன்னேன். மற்ற நாளெல்லாம் சண்டை.

நான் குடிக்கிறவன் இல்லை. ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் ஈரல் என்றதும் ஊரே என்னை ஒரு மாதிரி பார்த்தது. எங்கள் தெருவில் தினமும் குடிக்கிற மூன்று பேர், வாடையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது வுட்டுடு மூர்த்தி" என்று கண் கலங்கினார்கள். விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவர்கள் மனசு நல்ல மனசு.

இதெல்லாம் பகலில். ராத்திரியில் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, அது வளர்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றும் கேட்காது. கேட்காததே பயமாக இருக்கும். வலித்தால் திட்டலாம், வலிக்காததை என்ன செய்வது?

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டையில் செலவு அடங்கியது, அந்தக் கவலையை அத்தோடு விட்டுவிடுகிறேன். விடியற்காலை ரயில், எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ, அப்புறம் நாற்காலி. ஆஸ்பத்திரி என்பது முக்கால்வாசி நாற்காலிதான். ரத்தம் எடுக்க ஒரு நாற்காலி, சீட்டு போட ஒரு நாற்காலி, ஸ்கேனுக்கு ஒரு நாற்காலி. அவற்றில் ஒன்றில்தான் ஜாபர் பாய் அறிமுகமானார். பேச்சை வைத்தே, "நம்ம பக்கமா?" என்று கேட்டார். மங்கலம்பேட்டைக்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு, இனிமேல் வீட்டில் உட்காரலாம் என்று வந்தவர். வந்த மூன்றாம் மாதம் அவருக்கும் ஈரலில் கட்டி.

"உனக்கு எவ்ளோ தம்பி?"

"ரெண்டு ஏழு பாய். உங்களுக்கு?"

"அஞ்சுக்கு மேல. நம்மளுது பெரிய வண்டி."

சிரித்தோம். அப்புறம் அவர் உள்ளே கூப்பிடப்பட்டு, வெளியே வந்தார். மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் ஊசிச் சூட்டில் முழுசாக வேகும், அவருடையது பெரிசு, அதனால் வேறு வழி, ரத்தக் குழாய் வழியாக மருந்து அனுப்பி அதன் சோற்றை நிறுத்தப் பார்ப்பார்கள் என்று சொன்னாராம் டாக்டர். "சுட மாட்டாங்களாம் தம்பி. பட்டினி போடுவாங்களாம்" என்றார். வேட்டி மடிப்பைச் சரி செய்தார். மறுபடி சரி செய்தார். அந்த மடிப்பில் ஒரு கோணலும் இல்லை.

அந்த நிமிஷத்திலிருந்து மூன்று என்ற எண் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கும் பாயின் கதிக்கும் நடுவில் இருந்தது புள்ளி மூன்று. மூன்று மில்லிமீட்டர். யானைப் பொம்மையின் தந்தத்தைவிடக் குறைவு.

எங்கள் டாக்டரம்மா சின்ன வயசு. படம் வரைந்து காட்டினார். ஈரலில் ஏற்கெனவே தழும்பு இருப்பதால் வெட்டி எடுத்தால் மிச்சம் இருப்பது தாங்காது. அதனால் விலா எலும்பு சந்து வழியாக ஒரு நீள ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டியின் நடுவில் நிறுத்துவார்கள். ஊசி முனையிலிருந்து மைக்ரோவேவ் அலை போகும். சோறு சூடு பண்ணுகிற அடுப்பில் இருக்கிறதே, அதே ஜாதி அலை. பத்து நிமிஷத்தில் கட்டியும் அதைச் சுற்றி அரை சென்டிமீட்டர் நல்ல சதையும் வெந்துவிடும். சுற்றிலும் சேர்த்துச் சுடாவிட்டால் ஓரத்தில் ஒரு துளி பிழைத்துக்கொள்ளும், அது திரும்ப வளரும்.

வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். சூளைக்காரன் புத்தி விடவில்லை.

"எத்தினி டிகிரி டாக்டரம்மா?"

"அறுபது தாண்டினாலே செல் செத்துடும். நாங்க நூறு பக்கம் கொண்டுபோவோம்."

"நூறா?"

"ஏன், ஜாஸ்தியா இருக்குதா?"

"இல்லீங்க. நாங்க ஆயிரத்து இருநூறு வரைக்கும் ஏத்துவோம்."

"அப்போ உங்களுக்கு இது ஒன்னுமே இல்ல" என்று அவர் சிரித்தார். முதல் ஸ்கேனுக்குப் பிறகு ஒரு டாக்டர் சிரித்தது அப்போதுதான். என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் சூளையில் பொம்மை வெடிப்பது ஆயிரத்தில் இல்லை. நூறில். தண்ணீர் ஆவியாகிற இடம் அதுதான். முதல் நூறு டிகிரியைத் தாண்டுவதற்குள் சூளைக்காரனுக்கு உயிர் போய் உயிர் வரும். தீயைக் கட்டெறும்பு நடக்கிற மாதிரி ஏற்றுவோம். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால், யாரோ காய வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

டாக்டரம்மா என் ஈரலைப் பத்து நிமிஷத்தில் நூறுக்குக் கொண்டுபோகிறேன் என்கிறார். ஈரல் என்றால் என்ன? கறிக்கடையில் பார்த்திருக்கிறேனே. சொத சொதவென்று, பச்சை மண்ணைவிட ஈரமாக இருக்கும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாள் குறித்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்க வைக்கிறவன் நான்தானே, என்னைப் பார்த்துச் சிரித்தால் என் தொழில் என்ன ஆவது? வளர்மதி வைக்கிற சொம்புத் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றினேன். அந்த மூன்று நாளில் செம்பருத்தி நன்றாகத் தழைத்தது. மோர், ரசம், டீ எல்லாம் வேண்டாம் என்றேன். பொரி, வறுகடலை, காய்ந்த ரொட்டி. அதுவும் கத்திரி வெயில். அது போதாதென்று சூளைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னா மாமா, இங்க வந்து ஒக்காந்துக்கினு?" என்றான் சேகர். "தீயை நான் பாத்துக்கறேன், வூட்டுக்குப் போங்க."

"குளுருது."

"மே மாசத்துலயா?"

"நோயாளிடா நான். எல்லாம் குளுரும்."

இரண்டாம் நாள் சிறுநீர் டீ நிறத்தில் வந்தது. சரி, காய்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வரவே இல்லை. சந்தோஷப்பட்டேன். எழுந்தால் கண் இருட்டியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு காய்ந்திருக்கிறேன் என்று சோதித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைத் தூக்கி, குனிந்து குனிந்து பார்த்தேன். என் கன்னம் என் வயிற்றுக்கு எட்டவில்லை. ஐம்பத்தொரு வயசுக்காரன் கட்டிலில் சுருண்டு தன் விலாவில் கன்னம் வைக்க முயன்ற காட்சியைப் பார்க்க அன்று யாரும் இல்லாதது கடவுள் செயல். கன்னம் வைத்துச் சொல்லத் தெரிந்த ஆள் அடுப்படியில்தான் இருந்தாள். கேட்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

குறித்த நாளில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மாவே வந்துவிட்டார். கையில் சீட்டு. கிரியேட்டினின் என்று ஒரு கழிவு இருக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். ரத்தத்தில் அது ஏறியிருந்தால் சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். எனக்கு அது இரண்டு மடங்காக ஏறியிருந்தது.

"வாந்தியா?"

"இல்லீங்க."

"பேதியா?"

"இல்லீங்க."

"பின்ன எப்படி இவ்ளோ காஞ்சுபோயிருக்கீங்க? ஈரல் இப்படி இருக்கிறவங்களுக்குச் சிறுநீரகமும் கெட்டா என்னா ஆவும் தெரியுமா? இன்னைக்குச் செய்ய முடியாது. நல்லா பாத்துட்டு, பத்து நாள் கழிச்சுத்தான்."

பத்து நாள்! காதில் விழுந்த உடனே என் தலைக்குள் இருந்த மூன்று எழுந்து நின்றது. பத்து நாளில் ஒரு கட்டி மூன்று மில்லிமீட்டர் வளராது என்று எந்தச் சாமி எழுதிக் கொடுத்திருக்கிறது? பாய் வேட்டியைச் சரி செய்தது கண்முன் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. பச்சை மண், நூறு டிகிரி, ஆவி, செம்பருத்தி, பொரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில், "வெடிச்சுடுமோன்னு பயந்துட்டேங்க" என்றேன்.

டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அய்யா, அந்த அலை சூடு பண்றதே தண்ணியத்தான். உங்க ஈரல்ல முக்கால்வாசி தண்ணி. அலை பட்டதும் அந்தத் தண்ணித் துகள் எல்லாம் துடிக்கும். அந்தத் துடிப்புதான் சூடு. உங்க சூளைக்கு எதைப் போட்டு எரிப்பீங்க?"

"இப்போ கேஸு. முன்னாடி விறகு."

"எங்களுக்குத் தண்ணிதான் விறகு. நீங்க மூணு நாளா விறகை எடுத்து வெளிய போட்டுருக்கீங்க."

வளர்மதி பக்கத்தில்தான் நின்றாள். ரெண்டு நாள் கையில் குழாய் மாட்டி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த ரெண்டு நாளும் என் தலையைத் துடைத்தாள், இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள், மூத்திரத்தை அளந்து நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. திரும்பி வரும்போது ரயில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"களிமண்ணு பொம்மைய எல்லாம் எங்கிட்ட குடுத்து ஆவுமா ஆவாதான்னு கேக்கறீங்க."

"ம்."

"உங்க உடம்பைப் பத்தி மட்டும் எங்கிட்ட கேக்க மாட்டீங்க."

"நீ சிரிப்பேன்னு..."

"நான் என்னைக்குங்க சிரிச்சிருக்கேன்?"

அது உண்மை. இருபத்தாறு வருஷத்தில் என் ஜோக்குக்கு அவள் சிரித்ததே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இதற்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று தேடினேன். இத்தனை வருஷ சரக்கில் ஒன்றுகூட அகப்படவில்லை.

அந்தப் பத்து நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் அளவு பார்க்கிற இடுக்கி ஒன்று இருக்கிறது. ஒரு பிடி களிமண்ணை உருட்டி, சரியாக இரண்டு புள்ளி ஏழுக்குக் கொண்டுவந்து, ஜன்னலில் வைத்தேன். காலையில் எழுந்ததும் உள்ளே இருப்பதை அளக்க முடியாததால் இதை அளப்பேன். களிமண் காயக் காயச் சுருங்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நாலாம் நாள் அது இரண்டு புள்ளி ஐந்துக்கு வந்தபோது, வளர்மதியைக் கூப்பிட்டு, "பாரேன், கொறையுது" என்றேன். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சத்தியமாகச் சந்தோஷத்தில் சொன்னேன். பயம் ஒரு ஆளை அந்த அளவுக்குக் கொண்டுபோகும்.

வளர்மதி உருண்டையை வாங்கிப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர் வாளியில் போட்டாள். அது குமிழி விட்டுக் கரைந்தது. "இதான் அதுக்கு மருந்து" என்று சொல்லிவிட்டு என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தாள். எதிரே நின்று, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அப்படித் தினமும் எட்டுச் சொம்பு. சேகர் செம்பருத்திச் செடியைச் சுற்றித் தென்னங்கீற்றால் வேலி கட்டிவிட்டான், நான் கிட்டே போக முடியாதபடி.

மறுபடி சென்னை. இந்த முறை ரத்தம் நன்றாக இருந்தது. உறைகிற தன்மையும் பார்த்தார்கள். ஊசி போகிற வழியில் ரத்தம் கசிந்தால் நிற்க வேண்டுமே, அதற்காக. முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது. குளிரான அறை. மேசையில் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் ஊசி. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு ஒரு அறை நிறையச் சூளை கட்டி வைத்திருக்கிறவனுக்கு, தன் உயிரைக் காக்கப்போகிற சூளை டிபன் கேரியர் அளவில் இருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

டாக்டரம்மா விலாவில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அளவைச் சத்தமாகப் படித்தார்.

"ரெண்டு ஒம்பது."

என் காது அதைக் கேட்டது. அந்தப் புள்ளி இரண்டு, நான் செம்பருத்திக்கு ஊற்றின தண்ணீர். நானே ஊட்டி வளர்த்தது.

"டாக்டரம்மா, மூணு ஆவறதுக்குள்ள சீக்கிரம்" என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அளக்கிற கோணத்துல ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் மாறும். மூணுக்குள்ளதான் இருக்குது. தண்ணி குடிச்சீங்களா பத்து நாளும்?"

"எட்டு சொம்புங்க."

"அப்போ விறகு இருக்குது. தூங்குங்க."

மருந்து ஏறியது. கடைசியாகக் காதைத் தீட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று.

வரவில்லை. கண் விழித்தபோது விலாவில் பொட்டு அளவு பிளாஸ்திரி. ஈரலைச் சுட்டதற்கு வலது தோள்பட்டை வலித்தது. அடுத்த வீட்டு மணியை அடித்தால் நம் வீட்டில் கேட்கிற மாதிரி, ஈரலுக்கு மேலே இருக்கிற மூச்சுத் திரைக்கும் தோளுக்கும் ஒரே நரம்பாம். நாலு நாள் காய்ச்சல் அடித்தது. வெந்த சதையை உடம்பு கழுவி விடுகிறது, பயப்படாதீர்கள் என்றார்கள். உங்களுக்கும் வரும், பயப்படாதீர்கள். நான் பயந்தேன், அது வேறு விஷயம்.

முழுசாக வெந்ததா என்று உடனே தெரியாது. ஒரு மாதம் கழித்துத்தான் ஸ்கேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதிலேயே எனக்கு விளக்கமே தேவைப்படாத விஷயம் அது ஒன்றுதான். தீயை நிறுத்தியதும் சூளைக் கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு எல்லாம் விரிசல் விடும். ஆறும்வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே நல்லது நடந்திருக்கிறதா கெட்டது நடந்திருக்கிறதா, நடந்தது நடந்துவிட்டது, நீ உட்கார். முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை. பொம்மைக்காக உட்காரத் தெரிந்தது. எனக்காக உட்காரத் தெரியவில்லை. பட்டறையில் மூன்று யானையைக் கீழே போட்டேன். சேகர் பெருக்கினான்.

ஸ்கேன் முடிந்து ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது ஜாபர் பாய் வந்தார். இரண்டாவது தடவை பட்டினி போட வந்திருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கையை வைத்தார். உள்ளேயிருந்து மூர்த்தி என்று கூப்பிட்டதும், "போ தம்பி, நான் இங்கயேதான் இருப்பேன், வந்து சொல்லு" என்றார்.

டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். ஈரல் சாம்பல் நிறம். அதில் கறுப்பாக ஒரு குழி, கட்டி இருந்த இடத்தைவிடப் பெரிசு. மருந்து விட்டு எடுத்த படத்தில் உயிருள்ள இடம் வெள்ளையாகத் தெரியுமாம். அவர் பேனா முனையைக் குழியின் ஓரமாக மெதுவாகச் சுற்றிக் கொண்டுபோனார். எங்கேயாவது ஒரு வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று நான் பேனாவுக்கு முன்னால் ஓடினேன். சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"முழுசா வெந்துடுச்சு. ஓரத்துலயும் இல்ல" என்றார். "ஆனா அந்த வைரஸ் ஈரல் முழுக்க இருக்குது. வேற எடத்துல புதுசா வரலாம். மாத்திரையை ஒரு நாள் வுடக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கணும். சரிங்களா?"

ஒரு மாதமாக இந்த இடத்துக்கென்று மூன்று ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூக்கிலிருந்துதான் வந்தது. வளர்மதி முந்தானையை நீட்டினாள்.

வெளியே பாய் இருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வெந்துடுச்சா?" என்றார். தலையாட்டினேன். "மாஷா அல்லாஹ்" என்று என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கை சூடாக இருந்தது, காய்ச்சல். "ஊருக்கு வந்தா ஒரு பூனை பொம்மை குடு, பேத்திக்கு" என்றார். அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் தொண்ணூறு நாள் என்று அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பயம் இனிமேல் எனக்கு வாடகைக்கு இருக்கிற ஆள், காலி செய்ய மாட்டான். இதை எழுதுகிற இன்றைக்கு நாற்பத்தொரு நாள் மிச்சம்.

வளர்மதி சொம்போடு வந்தாள். முழுசாகக் குடித்தேன். சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் சட்டையை விலக்கி, ஊசி போன அந்தப் பொட்டுத் தழும்பைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து அதன்மேல் கன்னத்தை வைத்தாள். பொம்மைக்கு எவ்வளவு நேரம் வைப்பாளோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"சில்லுன்னு இருக்குது" என்றாள். "சூளைக்கு ஆவாது."